தேதி எழுதிய நாளுக்கும் கட்டில் கிடைக்கும் நாளுக்கும் நடுவில்

வாசகர் கேள்வி: 2025 பிப்ரவரி 8, இரவு 9.10

என் தந்தைக்கு வயது 68. வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று முடிவாகி, 19 நாள் கழித்துச் சேருவதற்குத் தேதி கொடுத்தார்கள். அன்று காலை 7 மணிக்கெல்லாம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போய்விட்டோம். பதிவுச் சீட்டுக்கு ஒரு வரிசை, காப்பீட்டு மேசைக்கு ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஈ.சி.ஜி. எடுக்க ஒரு வரிசை என்று நின்று முடித்தபோது மாலை 4 மணி. அதன்பிறகு, சர்க்கரை 312 இருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை 19 நாளுக்கு முன்பே சொல்லியிருக்கலாமே? சேர்க்கை நடைமுறையைச் சீர்செய்யவே முடியாதா, அல்லது யாருக்கும் அக்கறை இல்லையா?

பிப்ரவரி 8, இரவு 11.35

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "இன்றைக்கு இல்லை, போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லும் வேலை எங்கள் தலையில்தான் விழும். முடிவெடுத்த மருத்துவர் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

திரும்பிப் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். சர்க்கரை ஏறியிருக்கும், இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தாமல் வந்திருப்பார்கள், சளியும் இருமலுமாக வந்திருப்பார்கள், காப்பீட்டு ஒப்புதல் வந்திருக்காது, அல்லது விபத்துக் கேஸ் ஒன்று வந்து அறுவை அரங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாமே சேருவதற்குச் சில நாள் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை, அல்லது முன்பே சொல்லித் தவிர்க்கக்கூடியவை.

ஏன் தெரிவதில்லை என்றால், மருத்துவர் தேதி எழுதிக்கொடுத்த நிமிடத்தோடு புறநோயாளிச் சீட்டின் கதை முடிந்துவிடுகிறது. உள்நோயாளிக்கான கேஸ் ஷீட்டோ அவர் வந்து சேர்ந்த பிறகுதான் பிறக்கிறது. நடுவில் உள்ள 19 நாட்களிலும் உங்கள் தந்தை எந்த நோட்டிலும் இல்லை, எவர் பொறுப்பிலும் இல்லை. அக்கறை இருந்தாலும் அதைச் செலுத்துவதற்கு ஓர் ஆள் நியமிக்கப்படவில்லை. என் பதில் இவ்வளவுதான்.

பிப்ரவரி 9, காலை 6.50

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு திருத்தம். சர்க்கரை "முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அன்றைய அச்சம், முந்தைய இரவுச் சாப்பாடு, பேருந்து நிலையத்தில் குடித்த இனிப்புக் காபி எல்லாவற்றோடும் சேர்ந்து ஏறும். முன்கூட்டியே உண்மையைச் சொல்வது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. அவசரமில்லாத அறுவைக்கு 8 அல்லது 8.5 என்ற அளவைப் பல இடங்களில் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். தேதி கொடுக்கும் அன்றே அந்த இரத்தத்தை எடுத்திருந்தால், உங்கள் தந்தைக்கு அந்த 19 நாளும் மருந்தைச் சரிசெய்யும் நாட்களாகப் பயன்பட்டிருக்கும்.

நம் ஊரில் மயக்க மருந்து மருத்துவரின் "ஃபிட்னஸ்" பார்ப்பதை அறுவைக்கு முந்தைய நாள் மாலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் பையன் புத்தகம் வாங்கியிருக்கிறானா என்று கேட்பது போன்றது இது.

பிப்ரவரி 9, இரவு 8.15

ஒருவர் கேட்டிருக்கிறார்: அரசு மருத்துவமனைகளில்தானே இந்தக் குழப்பம்? பணம் கட்டிப் போகும் இடங்களில் இல்லையே? என் கணவருக்கு நடந்ததைப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு: அங்கேயும் உண்டு.

பிப்ரவரி 11, பிற்பகல் 3.20

பட்டினியைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் இதில் நானும் குற்றவாளி.

"இரவு 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது." இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் பயிற்சி எடுத்தபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மயக்க மருந்து மருத்துவர்களின் உலகளாவிய வழிகாட்டுதல்கள் வேறு கணக்கைச் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன: பொதுவான நிலையில் உள்ளவருக்குத் தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், இட்லி போன்ற எளிய உணவு 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததும் இறைச்சியும் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. பகல் 1 மணிக்கு அறுவை நடக்கப்போகிறவர் இரவு 10 மணியிலிருந்து நாக்கு வறளக் கிடக்கவேண்டிய தேவை இல்லை. முதியவர்களுக்கு அந்த வறட்சியே ஒரு தொல்லை. தண்ணீர்ச் சத்து குறைந்த கையில் நரம்பு தேடி ஊசி போடுகிறவர்களுக்கும் தொல்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது நாம் பயன்படுத்திய சொற்கள். ஒருமுறை கோவில்பட்டிப் பக்கத்து முதியவர் ஒருவர் காலை 8 மணிக்கு வார்டுக்கு வந்தார். "ஐயா, ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று கேட்டேன். "வெறும் வயிறுதாம்மா" என்றார். அரங்குக்குள் கொண்டுபோகும் நேரத்தில் மயக்க மருந்து மருத்துவர் துருவிக் கேட்டபோது, விடியற்காலை 5 மணிக்கு ஒரு டம்ளர் பால் காபி குடித்தது தெரியவந்தது. பால் தெளிந்த நீர் ஆகாது. வயிற்றுக்குள் போனதும் திரிந்து உணவாகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் "காபி சாப்பிட்டீர்களா" என்று கேட்போம், ஆனால் "சாப்பிட்டாச்சா" என்று மட்டும் கேட்டால் சோறோ பலகாரமோதான் பொருள். வெறும் வயிறு என்றால் இட்லிக்கு முந்தைய வயிறு. காபி அந்தக் கணக்கில் வராது. ஆகவே "ஒன்றும் சாப்பிடாதீர்கள்" என்று சொல்வதைவிட, "காபி, டீ, பால், மோர், கஞ்சி, வெற்றிலை, பிஸ்கட் எதுவும் கூடாது, தண்ணீர் மட்டும் இத்தனை மணி வரை" என்று பெயர் சொல்லி விலக்குவதுதான் பயன்படும்.

இதே "வெறும் வயிறு" இன்னொரு பக்கமும் இடறிவிடும். இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று சொல்லிப் பழக்கியிருப்பதால், சாப்பாடு இல்லாத நாளில் மாத்திரையும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அரங்குக்கு வெளியே அழுத்தம் பார்த்தால் 190 இருக்கும். அவர் நாம் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தவர்.

பிப்ரவரி 12, காலை 7.05

"2 மணி நேரம் வரை தண்ணீர் என்றால் ஏன் யாரும் கொடுப்பதில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். மருத்துவக் காரணம் குறைவு, பட்டியல்தான் காரணம். அன்றைய அறுவைப் பட்டியலில் மூன்றாவது கேஸ் எப்போது முதலாவதாக மாறும் என்று வார்டுக்குத் தெரியாது. முதல் ஆளின் அறிக்கை வரவில்லை என்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் "இப்போதுதான் தண்ணீர் கொடுத்தேன்" என்று சொன்னால் ஏச்சு விழும். ஏச்சுக்குப் பயந்து எல்லோரையும் இரவு 10 மணியிலிருந்து உலர வைத்துவிடுவோம். பட்டியலின் வரிசையை முந்தைய மாலையில் உறுதிசெய்து, ஒவ்வொருவருக்கும் அவரவருடைய கடைசி மிடற்று நேரத்தைக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டினால் போதும்.

கர்ப்பிணிகளுக்கும், நெஞ்செரிச்சல் மிகுந்தவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரையால் வயிற்றிலிருந்து உணவு மெல்ல இறங்குகிறவர்களுக்கும் கணக்கு மாறும். ஆகவே இங்கே படித்ததை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் தாமாக நேரம் குறிக்கவேண்டாம்.

இன்னொன்று. அறுவை தள்ளிப்போய்விட்டது என்று தெரிந்த நொடியில் செய்யவேண்டிய முதல் வேலை அந்த ஆளுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்வது. காலை 11 மணிக்குத் தள்ளிவைத்த செய்தி வார்டுக்கு மாலை 4 மணிக்கு வந்துசேர்ந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, இரவு 10.10

மாத்திரைகள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் "காலையில் ஒரு வெள்ளை, ஒரு சின்ன மஞ்சள், இரவில் ஒரு வெள்ளை" என்பதுதான் விடை. வேறு விடையை எதிர்பார்க்க நமக்கு உரிமையும் இல்லை, ஏனென்றால் அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு அளவில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் நான் கேட்பதை மாற்றிக்கொண்டேன்: "வீட்டில் மாத்திரை வைத்திருக்கும் பையை அப்படியே எடுத்து வாருங்கள்." மஞ்சள் பை வரும். அதிலிருந்து கொட்டினால், மகனுக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரை, காலாவதியான கண் சொட்டு மருந்து, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் எல்லாவற்றோடும் கூட க்ளோபிடோக்ரெல் ஒன்று கண்ணில் படும். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் அந்த மாத்திரையைப் பல அறுவைகளுக்கு 5 நாள் முன்பாக நிறுத்தச் சொல்வார்கள். சேரும் நாளில் கண்டுபிடித்தால் 5 நாளும் போயிற்று. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரோ இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினாலும் ஆபத்து, நிறுத்தாவிட்டாலும் ஆபத்து என்ற மாத்திரையைச் சேரும் நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டு பேச முடியுமா?

சர்க்கரைக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றையும் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரை சரியாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகிவிடும் சிக்கல் அதில் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மருந்துகளே கிடையாது. அதாவது பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை அச்சடித்த துண்டுத்தாளை இருபது ஆண்டுகளாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பிப்ரவரி 16, காலை 9.00

11ஆம் தேதி இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி எழுதியதை அரைகுறையாக விட்டுவிட்டேன் என்று, என்னோடு பணியாற்றிய ஒரு மயக்க மருந்து மருத்துவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். அவர் சொல்வது சரி. அம்லோடிபைன், அட்டெனோலால் போன்றவற்றை அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். நம் ஊரில் பாதிப் பேர் சாப்பிடும் டெல்மிசார்ட்டன் வகையைப் பலர் முந்தைய நாளே நிறுத்தச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்ததும் அழுத்தம் தடாலென்று இறங்கக்கூடும் என்பது காரணம். "அழுத்த மாத்திரையை விடாதீர்கள்" என்று எல்லோருக்கும் பொருள்படும்படி நான் எழுதியது பாதிப் பேருக்குத் தவறு. எந்த மாத்திரை, எந்த நாள், என்ன செய்வது என்று அவரவர் தாளில் அவரவருக்கு எழுதித்தரவேண்டும். இருபத்தேழு ஆண்டு அனுபவம் என்று நான் பெருமையாகத் தொடங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

பிப்ரவரி 16, மாலை 5.45

காப்பீட்டு மேசை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் தொடங்கி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை தருகிறது; வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இது இல்லாவிட்டால் நான் பார்த்த நோயாளிகளில் எத்தனையோ பேர் தாலியை அடகு வைத்திருப்பார்கள். ஆனால் வார்டில் வந்து நிற்கும் சிக்கல் திட்டத்தில் கிடையாது, எழுத்தில் இருக்கிறது. ஆதாரில் "சுப்பையா", குடும்ப அட்டையில் "சுப்பய்யா", காப்பீட்டு அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து இல்லை. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்தகத்து அட்டையில். இவற்றைச் சரிசெய்ய ஆட்சியர் அலுவலகம் வரை போகவேண்டியிருக்கும். சேரும் நாளில் வயிற்றுப் பசியோடு போகவேண்டிய இடமா அது? தேதி கொடுக்கும்போதே அட்டைகளை மேசைமேல் வைத்து ஒருமுறை ஒத்துப்பார்த்தால் பத்து நிமிட வேலை.

தனியார் காப்பீட்டில் 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: பணமில்லாச் சிகிச்சைக்கான ஒப்புதலை நிறுவனம் 1 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போதான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் தரவேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த 1 மணி நேரம் மருத்துவமனை முழு விவரத்தோடு விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அறுவை முடிவாகிப் பன்னிரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, ஆள் வந்து உட்கார்ந்த பிறகு காலை 11 மணிக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்களை எந்தச் சுற்றறிக்கை திருத்தும்? காப்பீட்டு மேசைக்காரர்களின் சோம்பல்தான் இதற்குக் காரணம்.

பிப்ரவரி 17, இரவு 9.30

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு மேசையில் வேலை செய்யும் என் அக்கா மகள் அதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். "சித்தி, எங்களுக்கு அந்த ஆள் அறுவைக்கு வரப்போகிறார் என்பதே அன்று காலைதான் தெரியும். மருத்துவர் தம் டைரியில் எழுதிக்கொள்கிறார், அரங்குக்குச் சொல்கிறார், எங்களுக்கு யார் சொல்கிறார்கள்?" அதன் பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம்: திட்டமிட்ட சேர்க்கைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் அனுப்பத் தடையே இல்லை, நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையானால் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது.

அவள் குறை சொல்வதும் நான் முதல் இரவு எழுதியதும் ஒன்றேதான்: நடுநாட்களில் நோயாளி யார் கண்ணிலும் இல்லை. வார்டின் கண்ணில் மட்டும் இல்லை என்று நினைத்தேன், மேசையின் கண்ணிலும் இல்லை.

பிப்ரவரி 22, பிற்பகல் 2.40

என் கணவரின் கதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பளிங்குத் தரை, பூச்செடி, எல்லாம் உண்டு. காலை 6.30 மணிக்கு வரச்சொன்னார்கள். சேர்க்கை மேசையைத் திறந்தது 8 மணிக்கு. ஏன் 6.30 என்று கேட்டேன். "எல்லோரும் தாமதமாக வருவார்கள், அதனால் சற்று முன்னதாகச் சொல்லிவைப்போம்" என்றார் அந்தப் பெண். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை முன்தள்ளி அச்சடிக்கும் நம் வழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. நேரத்துக்கு வருகிறவருக்குத்தான் தண்டனை.

அதன்பிறகு பெயர், வயது, முகவரி, ஒவ்வாமை, பழைய அறுவை என்று ஐந்து பேர் ஐந்து தாள்களில் எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆளிடம் என் கணவர், "அம்மா, முந்தைய நான்கு பேரிடம் கேட்டுக்கொள்ளக்கூடாதா?" என்றார். பென்சிலின் ஒவ்வாமை என்பதை இரண்டு தாள்களில் சிவப்பில் எழுதியிருந்தார்கள். மூன்றாவதில் "இல்லை" என்று குறித்திருந்தது. நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் எந்தத் தாளை நம்பியிருப்பார்கள்?

இத்தனை தடவை கேட்பதை ஒழிக்கவேண்டும் என்று வீட்டுக்கு வந்து பலரிடம் புலம்பினேன்.

பிப்ரவரி 22, இரவு 11.00

புலம்பியது பாதிதான் சரி. கேட்பது வேறு, எழுதுவது வேறு.

எங்கள் வார்டில் ஒரே நாளில் மூன்று முருகன்கள் கிடந்திருக்கிறார்கள். ஒருவர் எஸ். முருகன், ஒருவர் எம். முருகன், மூன்றாமவர் பி. முருகன். ஒருவருக்கு இடப்பக்கம், மற்றவருக்கு வலப்பக்கம். "முருகன் யாரப்பா?" என்று வாசலில் நின்று கூவினால் மயக்க ஊசியின் பாதிக் கிறக்கத்தில் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்குவார். அதனால் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் அரங்கு வாசல் வரை ஒவ்வொருவரும் கேட்கத்தான் வேண்டும். "நீங்கள்தானே முருகன்?" என்று கேட்காமல், "உங்கள் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எந்தப் பக்கம் செய்யப்போகிறார்கள்?" என்று அவர் வாயால் சொல்லவைக்கவேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலின் தொடக்கமே இதுதான். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தத் தாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது, இன்னொரு படிவமா என்று முனகியவர்களில் நானும் ஒருத்தி. வந்த புதிதில் மாலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களிலும் மொத்தமாக டிக் போட்டுவைத்ததும் உண்டு.

ஆகவே குறைக்கவேண்டியது முகவரியை ஐந்து முறை எழுதுவதை. ஒவ்வாமை ஒரே இடத்தில் எழுதப்பட்டு, எல்லோரும் அதையே பார்த்து வாய்விட்டுச் சரிபார்க்கவேண்டும்.

பிப்ரவரி 23, காலை 10.25

"முந்தைய நாளே ஏன் சேர்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு: பல சமயம் கட்டில் பிடிக்கத்தான். பேருந்தில் துண்டு போடுவது போல, ஆளைப் போட்டுவைக்கிறார்கள். 1909இலேயே கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்குச் செய்த அறுவைகளைச் சேர்த்துக்கொள்ளாமலே புறநோயாளியாகச் செய்து வீட்டுக்கு அனுப்பியதாக எழுதினார். குடலிறக்கமும் அதில் உண்டு. ஆனால் கிளாஸ்கோவில் குழந்தையின் வீடு பக்கத்துத் தெருவில். நமக்கு 60 கிலோமீட்டரும் இரண்டு பேருந்தும். முந்தைய நாள் சேர்ப்பதைக் குறை சொல்லிவிட்டு, காலை 6 மணிக்கு வந்து நில் என்று சொல்வது நியாயமாகாது. மருத்துவமனை வளாகத்தில் உடனிருப்பவரோடு ஓர் இரவு தங்க நல்ல கூடம் இருந்தால் வார்டுக் கட்டில் மிச்சம்.

நம் பக்கத்திலேயே இதை யோசித்துச் செய்தவர்கள் உண்டு. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் கண்புரை என்று தெரிந்தவர்களுக்குத் தேதி எழுதிக்கொடுத்து அனுப்பவில்லை. அறுவை இலவசம் என்றாலும் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் அன்றைய கூலியும் துணைக்கு வருகிறவரின் கூலியும் இலவசம் ஆவதில்லை என்பதைப் புரிந்துகொண்டு, முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாகத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். விளக்கிச் சொல்வதற்கென்றே கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நடுநாட்களே இல்லை, நடுநாட்களை ஒழித்துவிட்டார்கள்.

பொது அறுவை வார்டில் அப்படியே செய்ய முடியாது. கண்புரை ஒரே வகை அறுவை. எங்கள் பட்டியலில் குடலிறக்கத்துக்குப் பக்கத்தில் புற்றுநோய், அதற்குப் பக்கத்தில் சர்க்கரைப் புண், நடுவில் 108 வண்டி. ஆனால் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் என்பதை மட்டுமாவது கடன் வாங்கலாம்.

மார்ச் 2, இரவு 7.50

அப்படி ஓர் ஆளாக நானே இருந்து பார்த்ததை எழுதாமல் விட்டால் முறையாகாது. ஓய்வுக்கு முந்தைய கடைசி ஒன்றரை ஆண்டில், ஒரு நீள நோட்டில் தேதி வாரியாகக் கோடு போட்டு, புறநோயாளிப் பிரிவில் தேதி கொடுக்கப்பட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டேன். சேருவதற்கு நான்கு நாள் முன்பு அழைப்பேன். காய்ச்சல், சளி உண்டா, மாத்திரைப் பை, அட்டைகள், துணைக்கு யார், இரத்தம் கேட்டிருக்கிறார்களா என்று கேட்பேன்.

முதல் மாதம் பெரும் தோல்வி. எழுதியிருந்த எண்களில் பல திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் மகன்களுடையவை. "அப்பாவுக்கு ஆபரேஷனா? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்று ஒருவர் பதறிப்போய் அன்று இரவே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து வாங்கினேன். மதியம் அழைத்தால் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள்; மாலை 6 மணிக்கு மேல் அழைத்தால்தான் கிடைப்பார்கள், அது என் பணி நேரம் முடிந்த பிறகு.

நான் விடுப்பில் இருந்த நாட்களில் நோட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. ஓய்வு பெற்றபின் விசாரித்தேன். இப்போதும் இழுப்பறையில்தான் இருக்கிறதாம். ஒருத்தியின் ஆர்வத்தில் ஓடியது அவளோடு நின்றுவிட்டது. முதல் இரவு "ஓர் ஆள் நியமிக்கப்படவில்லை" என்று எழுதினேன் அல்லவா? ஆளை நியமித்தால் போதாது, அந்த வேலைக்குப் பணிப்பட்டியலில் ஓர் இடமும் விடுப்பில் மாற்றாளும் வேண்டும்.

மார்ச் 3, காலை 6.15

இன்னொரு வழி தோன்றுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க ஊர்ப் பெண் ஒருவர் வீட்டுக்கே போகிறார். யாருக்கு என்ன மாத்திரை, யார் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அறுவைத் தேதி எழுதிய அன்றே அந்தப் பெண்ணுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு செய்தி போனால், 19 நாளும் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிடுகிறார். அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்று சொல்வீர்கள். உண்மை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுக்கத்தான் வேண்டும்.

வாசகர்: மார்ச் 9, மாலை 6.30

அம்மா, அப்பாவை இன்று சேர்த்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி மாத்திரைப் பையைப் போன வாரமே கொண்டுபோய்க் காட்டினேன்; டெல்மிசார்ட்டனை இன்றிலிருந்தே நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள். சர்க்கரை 168. நாளை பட்டியலில் இரண்டாவது. தண்ணீர் எத்தனை மணி வரை என்று கேட்டேன், வார்டில் சிரித்தார்கள், ஆனால் மயக்க மருந்து மருத்துவரைக் கேட்டுக் காலை 6 மணி வரை என்று சொன்னார்கள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: விடியற்காலையில் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொள்ளலாமா? விழுங்கமாட்டாராம், துப்பிவிடுவாராம்.

மார்ச் 9, மாலை 6.42

கூடாது. பெட்டியை இப்போதே வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி மடிப்பையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.